நடந்தால் தெரிந்துவிடும்

ரிஃபானா கொல்லைப்புறத்தில்தான் நடந்தாள். சமையல்கட்டு வாசலிலிருந்து மதில்சுவர் வரை இருபத்திரண்டு எட்டு. போய்த் திரும்பினால் கையிலிருக்கும் தஸ்பீஹ் மாலையில் ஒரு மணியைத் தள்ளுவாள். தொண்ணூற்றொன்பதும் முடிவதற்குள் பொழுது நன்றாக விடிந்துவிடும். பக்கத்து வீட்டு பாசிலா சுவருக்கு மேலே தலையை நீட்டுவாள்.

"என்னடி, செக்குமாடு கணக்கா சுத்துற?"

"புள்ள ஓதிக்கிட்டு இருக்கு, பேச்சுக் குடுக்காத," என்று அம்மா நசீரா உள்ளிருந்தே குரல் கொடுப்பாள்.

ரிஃபானா ஓதவில்லை. சுற்றுகளை எண்ணினாள். ஓதுகிற மாலையில் சுற்றை எண்ணுவதால் அல்லாவிடம் பயம், நடக்காமல் விட்டால் சுகர் மெஷினிடம் பயம்.

மெஷினைக் கொண்டுவந்தவள் நர்ஸ் சிவரஞ்சனி. இரண்டு மாதத்துக்கு முன் வீடு வீடாக வந்து விரலில் குத்தினாள். ரிஃபானாவுக்கு வெறும் வயிற்றில் நூற்றுப் பதினாலு. ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தும் கிட்டத்தட்ட அதேதான்.

"இது சுகர் இல்லங்க. ஆனா வாசல்ல வந்து நிக்குது," என்றாள் சிவரஞ்சனி. "ஒங்க அத்தாவுக்கு இருந்துச்சுல்ல? தெனம் அரை மணி நேரமாவது வேகமா நடங்க. தள்ளிப் போடலாம், வராமலே கூடத் தடுக்கலாம். அம்மாவுக்கு இருக்கா? ரெண்டு பக்கமும் இருந்தா இன்னும் உஷாரா இருக்கணும்."

"எனக்கு ஒண்ணும் கெடையாது," என்று நசீரா கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். குத்தவே விடவில்லை.

அவளைப் பெற்ற அத்தா ராஜா முகமது கடற்கரையில் மீன் ஏலம் விட்டவர். பாதத்தைச் சிப்பி கிழித்தது தெரியாமலே இரண்டு நாள் நடந்தார். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரை. நாற்பத்தெட்டு வயதில் மவுத்தானார். அந்தப் புண்ணின் வாடை ரிஃபானாவின் மூக்கைவிட்டு இன்னும் போகவில்லை. அந்த வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் அவள். ரிப்போர்ட்டை வாசித்துப் பயப்படத் தெரிந்தவளும் அவள்தான்.

"கொல்லையில தலை சுத்துதும்மா. ரோட்டுல நடக்குறேன்."

"நம்ம ஊர்ல காலங்காத்தால ரோட்டுல நடக்குறவுக யாரு? பூராம் சுகர்காரவுக. நீயும் போய்ச் சேந்துக்கிட்டா அம்மாபட்டினத்துக்காரவுகளுக்கு அன்னைக்கே சேதி போயிரும்."

அம்மாபட்டினத்துக்காரர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை துபாயில்.

"சுகர் வந்தப்பறம் நடக்கலாம், வராம இருக்க நடக்கக் கூடாதா? நல்லாருக்கும்மா ஒங்க நியாயம்."

"ஒனக்கு வாய் நடக்குதுல்ல, அது போதும்."

அவர்கள் வந்த அன்று வீடு அல்லோலகல்லோலப்பட்டது. முக்காட்டுக்குக் குத்துகிற முத்துக்கொண்டை ஊசிகளில் ஒன்றை ரிஃபானா அவசரத்தில் எங்கோ தவறவிட்டாள். தேட நேரமில்லை. நசீரா சமையல்கட்டுக்கும் கூடத்துக்குமாகப் பத்துத் தடவை ஓடினாள். சமோசா, ரோஸ் மில்க், டீ, மறுபடி சமோசா.

திரைக்குப் பின்னால் நின்ற ரிஃபானா, வெள்ளை டைல்ஸில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தாள். ரோஸ் மில்க் சிந்திவிட்டதென்று குனிந்து துடைத்தாள். விரலில் பிசுபிசுத்தது. ரத்தம்.

தன் கால்களைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

பொட்டுகள் போன வழியே அவள் கண் போனது. கூடத்தில் நசீரா சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் இடது குதிகாலை ஊன்றி எடுக்கும்போதெல்லாம் அடியில் வெள்ளையாக ஏதோ மின்னியது. முத்து. ஊசியின் கொண்டை மட்டும் வெளியே. மிச்சம் முழுவதும் உள்ளே.

"எங்க வீட்டுல யாருக்கும் சுகர் கெடையாதுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தாள் நசீரா. "இவ அத்தா கூட நெஞ்சுவலியிலதான் மவுத்தானாக."

சலாம் சொல்ல வேண்டிய பெண், திரையை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"காலத் தூக்கும்மா."

"என்னடி பண்ற? பைத்தியமா?"

"வலிக்கலையா?"

"எது?"

அத்தாவும் இப்படித்தான் கேட்டார். அவள் ஊசியைப் பிடித்து இழுத்தாள். ஒன்றரை அங்குலம், ரத்தத்தோடு வந்தது. நசீரா முகம் சுளிக்கக்கூட இல்லை. யாருடையதோ என்பதுபோல ஊசியைப் பார்த்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் உதடு வெளிறியது.

"எங்க அத்தாவுக்கு நெஞ்சுவலி இல்லங்க," என்றாள் ரிஃபானா, தலையை நிமிர்த்தாமல். "சுகர். கால எடுத்தாங்க. இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு."

மாப்பிள்ளையின் அம்மா தன் இரண்டு கால்களையும் மெதுவாகச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ரிஃபானா ஆட்டோ பிடித்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மெஷின் முந்நூற்று நாற்பது காட்டியது.

"எத்தன வருசமாவோ இருந்திருக்கும்," என்றாள் சிவரஞ்சனி, காயத்துக்குக் கட்டுப் போட்டபடி. ரிஃபானா கணக்குப் போட்டாள்: அத்தா, அம்மா, இரண்டு பக்கமும்.

"ஒனக்கு நல்ல எடம் அமையட்டும், அப்பறமாப் பாத்துக்கலாம்னு இருந்தேன்டி," என்று ஆட்டோவில் நசீரா அழுதாள். ரிஃபானாவுக்குக் கோபம் வந்தது. கட்டுப் போட்ட அந்தக் காலைப் பார்த்ததும் அது அப்படியே நின்றது.

மறுநாள் விடியலில் பஜ்ர் தொழுகை முடிந்ததும் அவள் தஸ்பீஹை அதன் இடத்தில் வைத்தாள். ஷூ போட்டாள். முன்வாசல் கதவைத் திறந்தாள். கட்டிலில் காலை நீட்டிக் கிடந்த நசீரா பார்த்தாள். தடுக்கவில்லை.

"நாய் கெடக்கும். பாத்துப் போ," என்றாள்.

தெருவில் நாலு எட்டு வைப்பதற்குள் பாசிலா வாளியோடு வெளியே வந்துவிட்டாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்னடி ரிஃபானா, ஒனக்கும் சுகரா?" என்றாள்.

"இன்னும் இல்லக்கா," என்றாள் ரிஃபானா. அவள் நிற்கவில்லை. கொல்லையில் வாய்க்காத வேகத்தில், யாரோ துரத்தி வருவதுபோலக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்து நடந்தாள்.