ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் சல்லடை. ஏழை வீடுகளுக்குக் கொடுத்த உதவியால் பசி குறைந்ததா என்று பார்க்கும் கணக்கெடுப்பில் வந்து குவியும் ஆயிரக்கணக்கான வீட்டுப் படிவங்களில் தப்பும் தவறும் எங்கே என்று சலித்தெடுப்பது அவள் வேலை. வறுமைப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படிக்க ஆசைப்படுகிறவர்கள், அதற்கு முன் இரண்டு வருடம் ஒரு பேராசிரியரிடம் இப்படி ஆய்வு உதவியாளராக முதுகொடிய உழைக்க வேண்டும். முடிவில் அவர் எழுதித் தரும் சிபாரிசுக் கடிதத்தை வைத்துத்தான் அடுத்த இடம் கிடைக்கும்.

இதை வீட்டில் விளக்க அவள் படாத பாடு பட்டிருக்கிறாள். "ஏழைங்க எப்படி இருக்காங்கன்னு தெரிஞ்சுக்க ஆபீஸ் எதுக்குடி? நம்ம வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லு" என்று சித்தி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அம்மா மட்டும், யார் கேட்டாலும், "யாருக்கு உதவி போகணும்னு என் பொண்ணு கணக்கு பண்ணித்தான் முடிவாகுது" என்று அளந்துவிடுவாள். கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டு மாதங்களுக்கு முன் சல்லடை ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தாள். அல்லது அப்படி நினைத்துக்கொண்டாள். ஒரே முகவரி, ஒரே அப்பா பெயர், ஆனால் இரண்டு படிவம். இரட்டைப் பதிவு! முதல் படிவத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும்படி கணினிக்கு ஒரு விதி எழுதினாள். தள்ளுபடியானவற்றில் அறுபது சொச்சம் படிவங்கள் ஒரே ஆள் எழுதியவை. இருபது வருடமாக வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கணக்கெடுக்கும் அக்கா அவர்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பட்டியலைத் திரையில் போட்டுக் காட்டினாள். அக்கா எழுந்து, "ஒரே வீடுதாம்மா, ஆனா அங்க..." என்று ஆரம்பித்தார்.

"ஒரே வீடுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அது போதும்" என்று சல்லடை வெட்டினாள். வயதுக்கு மீறிய வாய். எண்ணிக்கை காட்டப் பொய்ப் படிவம் எழுதியவர் என்று அக்காவை அடுத்த சுற்றிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் மூக்கைச் சிந்தினாள். அண்ணனும் அண்ணியும் பின்னறையில் தனி அடுப்பு வைத்துவிட்டார்களாம்.

"வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்டி. ஒரே வாசல்லதான் போறோம், வர்றோம். ஆனா அவங்க சமையல் அவங்களுக்கு, என் சமையல் எனக்கு. அவன் கைல வேலையும் இல்ல. அவங்க சாப்பிட்டாங்களா இல்லையான்னு கூட எனக்குத் தெரிய மாட்டேங்குது."

சமாதானம் சொல்ல வாயெடுத்தவள் வேறொன்றைக் கேட்டாள். "அம்மா, யாராவது கணக்கெடுக்க வந்தா நம்ம வீட்ட ஒண்ணுன்னு எழுதணுமா, ரெண்டுன்னா?"

"நான் இங்க அழுதுட்டிருக்கேன், உனக்குக் கணக்கு கேக்குதா?"

கேட்டது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம் என்று கணக்கெடுப்புக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அவளுக்கு அது மனப்பாடம். மனப்பாடமாக வைத்துக்கொண்டே அவள் எண்ணியது கூரையை.

அன்றிரவே தள்ளிய படிவங்களில் பத்துப் பன்னிரண்டைத் திறந்து பார்த்தாள். ஆள் எண்ணிக்கை வேறு, வேலை வேறு, நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வேறு. வேலை போன இளைய மகன், பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த பெண். இருக்கிறவர்களிலேயே இல்லாதவர்களாகப் பார்த்துப் பெருக்கித் தள்ளியிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சிபாரிசுக் கடிதமோ வெள்ளிக்கிழமை போகிறது.

விதியைத் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை பேராசிரியர் அறையில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நம்ம கட்டுரையோட முடிவு மாறுதா?"

"மாறுது சார். உதவி கிடைச்ச வீடுகள்ல பசி பாதியா குறைஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்கோம். அவ்வளவு இல்ல. வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்ததால உதவி முதல் அடுப்போட நின்னுடுச்சு. ரெண்டாவது அடுப்புக்குப் போகவே இல்ல."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கட்டுரையைத் திருத்திடலாம். அந்தம்மாவை வேலைக்குக் கூப்பிட்டுக்கலாம். நீ அவங்களுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போட்டுடு. கூட்டத்துல போட்டு உடைக்காதே. இந்தத் தடவை வெளியிலிருந்து வேற ஆளுங்க வர்றாங்க. உனக்கு நாளைக்கு இடம் குடுக்கப்போறவங்களும் அதுல இருக்காங்க."

"எல்லார் முன்னாடியும் அவங்களைத் திருடி மாதிரி நிக்க வெச்சேன் சார். மன்னிப்பு மட்டும் கவர்ல போட்டு அனுப்பினா நல்லாவா இருக்கு?"

"உன் இஷ்டம்" என்றார் அவர். குரலில் கோபமா வேறெதுவுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அக்கா வந்தார். கூப்பிட்ட மரியாதைக்கு வந்தேன் என்பதுபோல் கடைசி வரிசையில், மடியில் பையோடு உட்கார்ந்தார். சல்லடை அதே பட்டியலைத் திரையில் போட்டாள்.

"இதுல இருக்கற தப்பு அக்காவோடது இல்ல, என்னோடது" என்று ஆரம்பித்து, அடுப்பைச் சொன்னாள், கூரையைச் சொன்னாள், அக்காவைப் பேசவிடாமல் வெட்டியதையும் சொன்னாள். முதல் மதிப்பெண் வாங்கி மேடையேறிய நாளில்கூட அவள் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. "அக்கா எழுதி நான் தள்ளின அறுபத்திமூணு குடும்பமும் நிஜம்" என்று முடித்தாள்.

"அறுபத்திநாலு" என்றது கடைசி வரிசை.

எல்லாத் தலையும் திரும்பியது.

"லிஸ்ட்ல அறுபத்திமூணுதான்க்கா வருது."

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒரு தகர வீடு. அங்க மூணு அடுப்பு. நீங்க ரெண்டோட நிறுத்தியிருப்பீங்க."

அத்தனை பேர் பார்க்க அவள் தேடினாள். திருத்திய விதியும் ஒரு முகவரிக்கு இன்னொரு அடுப்பைத்தான் தேடியிருந்தது. மூன்றாவதை மறுபடி இரட்டைப் பதிவு என்றே ஒதுக்கியிருந்தது. படிவம் திரையில் வந்தது. ஒரு பெண், இரண்டு குழந்தைகள். நேற்றுச் சாப்பிட்டது ஒரு வேளை. அக்காவின் குண்டுக் கையெழுத்தில் ஓரத்தில் ஒரு குறிப்பு: "தனி அடுப்பு. நேரில் பார்த்தேன்."

சல்லடை திரையில் அறுபத்திமூன்றை அழித்து அறுபத்திநான்கு என்று அடித்தாள். அவமானமாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கோ நெஞ்சு கொள்ளாத பெருமை. இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் கதவு, அதில் ஒரு தகர வீட்டின் மூன்றாவது அடுப்பை மறக்காத ஆளோடு தானும் ஒரே வேலையில் இருக்கிறோம் என்கிற பெருமை.

முதலில் கைதட்டியது பேராசிரியர்தான். தட்டி ஓய்வதற்குள் அக்கா முன்வரிசைக்கு வந்து, சல்லடையின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் நகரும்மா. மத்தவங்க எழுதினதுல எத்தனை பேரை நீ தள்ளியிருக்கேன்னு பாப்போம்."