பட்டது, விழவில்லை

வாமதேவன் சொன்ன பொய் மிகச் சின்னது. "பட்டது அண்ணை, விழேல்லை." அவ்வளவுதான். இதற்காக ஒரு மனிதர் தன் துப்பாக்கிக்குப் புதுக் குழாய் வாங்கப் புறப்படுவார் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

அந்த மனிதர் எமில். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், மனைவி ஜெனவியேவுடன் இருந்தார். பீரங்கிகளுக்குப் பக்கத்தில் நின்று நின்று காது பாதி செத்துவிட்டது. அல்ஜீரியாவில் ஜீப் கவிழ்ந்ததில் வலது மணிக்கட்டுக்குள் ஓர் இரும்புத் தகடும் குடியேறியிருந்தது. வாமதேவனோ யாழ்ப்பாணத்து ஆள். ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்.

இரண்டு பேரையும் சேர்த்தது வாமதேவனின் அகதி விண்ணப்பம். விசாரணைக்குப் போன அன்று எமில்தான் கூடவே வந்து மொழிபெயர்த்தார். உள்ளே போகுமுன் நடைவழியில் வைத்து, "தெரிஞ்சதைச் சொல்லு. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லிடு. கதை கட்டாதே, புரியுதா?" என்று விரலை ஆட்டினார். வாமதேவன் கதை கட்டவில்லை. அவனுக்கு விசா கிடைத்தது. அப்படிப்பட்ட மனிதர் பிறகு ஒருநாள், "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கே, துப்பாக்கி சுடற எடத்துக்கு வா, டெலஸ்கோப் பாக்க ஆள் வேணும்" என்று கேட்டால் மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன், ஞாயிறு தவறாமல் நகருக்கு வெளியே கூசேன்வில் ஊருக்கு அப்பால் ஒரு பழைய கல்குழியில், காதை மூடிக்கொண்டு, ஒரு துவக்குக்குப் பக்கத்திலேயே முழந்தாளில் நின்றான். தலையெழுத்து என்றால் இதுதான்.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக் கடா என்று இரும்புத் தகட்டில் வெட்டி வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். கடாக்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில், இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும். சுடுகிறவர் புல்லில் மல்லாந்து படுத்து, காலை மடக்கி, கெண்டைக்காலின் மேல் கைத்துப்பாக்கியைத் தாங்கிச் சுட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. பட்டால் மட்டும் போதாது, கடா கவிழ வேண்டும். பட்டும் கவிழாமல் நின்றால் அது கணக்கில் சேராது. பக்கத்தில் டெலஸ்கோப்போடு இருக்கும் ஆள், குண்டு எங்கே போனது என்று ஒவ்வொரு வெடிக்கும் சொல்ல வேண்டும்.

முதல் ஞாயிறே எமில் சுட்ட அத்தனையும் மண்மேட்டுக்குள் போயின. "எப்படி?" என்று படுத்தபடியே தலையைத் திருப்பிக் கேட்டார். விசா வாங்கித் தந்த மனிதரைப் பார்த்து, உங்களுக்கு ஒன்றும் படவில்லை என்று சொல்ல வாமதேவனுக்கு நாக்கு வரவில்லை. பட்டது, ஆனால் விழவில்லை என்றான். மரியாதைக்குச் சொன்னதுதான். எமிலின் முகம் பூரித்துப் போயிற்று. "பாத்தியா! என் கை சரியாத்தான் இருக்கு. இந்தத் தோட்டாதான் சோதா!" என்றார். காது கேட்கிறவராக இருந்தால், இரும்பில் பட்டால் வரவேண்டிய 'டங்' எங்கே என்று கேட்டிருப்பார். அக்கம் பக்கத்தில் பத்துப் பேர் சுட்ட சத்தத்தில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அதன்பிறகு வாரா வாரம் அதே பாட்டு. எமில் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தத் தோட்டா வேண்டாம், காட்டுப்பூனைதான் வேண்டும்.

காட்டுப்பூனை என்பது அந்தக் கூட்டத்தார் வைத்த பேர். எந்தக் கடையிலும் விற்காத தோட்டா அது. வேறொரு தோட்டாவின் வெற்றுக் கோதை, அதாவது வெளிப் பித்தளைக் கூட்டை, எடுத்து, கழுத்தை ஒடுக்கியோ உடம்பைக் குறுக்கியோ, அவரவர் மனத்துக்குப் பிடித்தபடி ஆக்கிக்கொள்வது. அதற்கேற்ற குழாயையும் துப்பாக்கியில் மாற்ற வேண்டும். எமிலின் சாப்பாட்டு மேசையில், மீன்குழம்புச் சட்டிக்கும் ஊறுகாய்ப் போத்தலுக்கும் நடுவில், இரண்டு வெற்றுக் கோதுகள் வாரக்கணக்காக நின்றன. குண்டின் அளவை வைத்து ஒன்றுக்கு 'ஏழு' என்று பேர், மெலிந்தது. மற்றது 'முப்பது', மான் வேட்டைத் துப்பாக்கியின் கோதைக் குறுக்கிச் செய்த தடியன்.

"ஏழு நேராப் போவுது, சாதுவா இருக்கு. ஆனா கடாவைத் தள்ளுமா? முப்பது தள்ளும். அது கடாவை மட்டுமா தள்ளும், என்னையும் தள்ளும்!" என்று எமில் ஒன்றை எடுப்பார், வைப்பார், மற்றதை எடுப்பார்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இந்த மனுஷன் இவ்வளவு யோசிக்கலை" என்றாள் ஜெனவியேவ். "காப்பியைக் குடிச்சாரு, சரின்னாரு, போயிட்டாரு."

"உனக்கு எதிரே இன்னொருத்தியை நிறுத்தி வைக்கலையே" என்றபடி எமில் காப்பியை ஊற்றினார். கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். ஜெனவியேவ் துணியால் துடைத்தாள்.

வாமதேவனின் கவலை வேறு. கிளப்பில் துப்பாக்கி பழுது பார்க்கும் ரேமண்ட், முப்பதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எமில், இது உன் மணிக்கட்டுக்கு ஆகாது" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார். அன்று ஜெனவியேவும் வாமதேவனைப் படிக்கட்டில் மடக்கினாள்.

"தம்பி, நீதானே பாக்கறே. நிஜமாவே படுதா?"

"படுது அக்கா" என்றான். மூன்றாம் மாடியிலிருந்து குதித்தால் என்ன என்று தோன்றியது.

"இன்னொரு வாட்டி அந்தக் கை ஒடைஞ்சா வெரலே மடங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அந்தத் தடியனை வாங்காம பாத்துக்கோ. நீ சொன்னா கேப்பாரு."

கோப்பை கழுவும்போதெல்லாம் வாமதேவன் தன்னையே திட்டிக்கொண்டான். என்ன சனியன் பிடித்த மரியாதை இது! உண்மையைச் சொன்னால் அண்ணையின் மனம் உடையும், சொல்லாவிட்டால் கை உடையும். வேறு வழி தெரியாமல் ஏழுக்காக வாதாடப் போனான்.

"ஏழுதான் நல்லது அண்ணை."

"ஏன்?"

துவக்கைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? "மெலிசா வடிவா இருக்கு" என்றான்.

"வடிவா இருந்தா கடா பயந்து விழுந்துடுமா? நீயே சொல்றியே, பட்டும் விழலைன்னு! முப்பதுதான். ஞாயித்துக்கிழமை ரேமண்ட் கிட்ட சொல்லிடறேன்."

அந்த ஞாயிறு கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறும்போது, "எந்த வண்டின்னு பாருப்பா, வரவர எல்லாத்தையும் எறும்புக்கு எழுதற மாதிரி எழுதறானுங்க" என்றார் எமில். வாமதேவன் பார்த்துச் சொன்னான். எழுத்து வழக்கமான அளவில்தான் இருந்தது. அவனுக்கு அன்றிருந்த கவலையில் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. இன்றைக்கு எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஆனால் அவன் வாயைத் திறக்குமுன் எமில் குழாய் கேட்டுவிட்டார், ரேமண்டும் முந்திக்கொண்டார். "அந்தக் கடாவை விழுத்த உன் பழைய தோட்டாவே தாராளம். குழாய்க்குச் சொல்ல மாட்டேன், போ" என்றார். எமிலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப என் கையிலே குத்தமா? சரி, என் கை வேண்டாம். இதோ, இவன் சுடட்டும், நான் பாக்கறேன். பட்டும் விழலைன்னா குழாயைச் சொல்லு." சொல்லிவிட்டு டெலஸ்கோப்பின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஐயோ அண்ணை, நானோ? எனக்கு உது வேண்டாம்!"

"படுப்பா. கடா உன்னைக் கடிக்காது."

ரேமண்ட் அவனைப் புல்லில் படுக்கவைத்து, காலில் தோல் உறையைக் கட்டி, கையையும் காலையும் சரிசெய்தார். ஊரில் நடந்த போரில் எந்தப் பக்கத்தவனும் வாமதேவன் கையில் துவக்கைக் கொடுக்கவில்லை. பிரான்சில், ஒரு பிரெஞ்சுக்காரர், அரச அனுமதியோடு கொடுத்தார். கடா விழுந்தால் இத்தனை மாதப் பொய்யும் கூடவே விழும் என்பது ஒன்றுதான் அவன் மண்டைக்குள் ஓடியது. ஆகவே எதிலும் படாமல் சுடுவது என்று தீர்மானித்தான். இரண்டாம் கடாவுக்கும் மூன்றாம் கடாவுக்கும் நடுவில் இருந்த வெறும் வெளியைக் கவனமாகக் குறிபார்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தான்.

காதுமூடியையும் தாண்டி 'டங்' என்று கேட்டது. கண்ணைத் திறந்தால், மூன்றாம் கடா காலைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

முடிந்தது கதை என்று வாமதேவன் மெல்லத் தலையைத் திருப்பினான். எமில் டெலஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, கையால் ஒரு திருகைத் திருகி, பிறகு மறுபக்கம் திருகிக்கொண்டிருந்தார்.

"பட்டுச்சு" என்றார். "விழலை. பாத்தியா ரேமண்ட்?"

ரேமண்ட் கடாவைப் பார்த்தார், எமிலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றிய காப்பி, எறும்புக்கு எழுதிய எழுத்து எல்லாம் வாமதேவன் மனதில் ஒன்றாக வந்து நின்றன. இந்த மனிதரின் கண்ணுக்கு மாதக்கணக்காகக் கடாவே தெரியவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆள், வாரா வாரம் அதை மூடி மூடி வைத்தான்.

"விழுந்திட்டுது அண்ணை" என்றான்.

"எது?"

"மூண்டாவது. மல்லாக்கக் கிடக்குது."

எமில் மறுபடி கண்ணை வைத்தார். "ஆமாமா. இப்பத்தான் விழுது."

"இல்லை அண்ணை. அப்பவே விழுந்திட்டுது." வாமதேவன் எழுந்து உட்கார்ந்தான். "உங்கடை வெடி ஒண்டும் படேல்லை. ஒரு நாளும் படேல்லை. எல்லாம் மண்ணுக்கைதான் போனது. நான்தான் பொய் சொன்னனான்."

எமில் டெலஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அங்கே அவருக்குப் பார்க்க ஒன்றும் இல்லை என்பது இப்போது மூன்று பேருக்கும் தெரியும்.

"ஏண்டா என்கிட்ட சொல்லலை?" என்றார் கடைசியில்.

"நீங்கள் ஏன் அண்ணை சொல்லேல்லை?"

எமில் டெலஸ்கோப்பைக் கழற்றி உறைக்குள் வைத்தார். திரும்பி வரும் ரயிலில், "ஜெனவியேவ் கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். சொன்னார் போலிருக்கிறது. அடுத்த நாள் காலை அவள் அவரைக் கோட்டோடு படிக்கட்டில் நிறுத்தி வாமதேவனிடம் ஒப்படைத்தாள். இரண்டு கோதுகளையும் அதற்குள் பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டிருந்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, "யோசிச்சுப் பாத்தா ஏழுதான் தேவலை" என்றார் எமில். "ஓம் அண்ணை" என்றான் வாமதேவன். பிறகு கூப்பிட்டார்கள்.

மருத்துவர் இளம்பெண். ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரில் இருந்த பலகையைக் காட்டி, மேலிருந்து மூன்றாம் வரியை வாசிக்கச் சொன்னாள். எமில் தாடையை நிமிர்த்திக்கொண்டார். நேரம் போயிற்று. அவர் முகம் மெல்ல வாமதேவன் இருந்த நாற்காலிப் பக்கம் திரும்பியது. அவன் வாயைத் திறக்கவில்லை. பெரிய எழுத்துத்தான், அவனே வாசித்துவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"தெரியலை" என்றார் எமில்.

பிறந்ததிலிருந்து பிரெஞ்சு பேசியவர், அதைத் தமிழில்தான் சொன்னார். மருத்துவருக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று வாமதேவனைக் கேட்டாள். அவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதை மொழிபெயர்த்துச் சொன்னான்.