வெட்டிய இடத்தில்

...விரலை ஓரிடத்திலும் செவியை ஓரிடத்திலும் அறுத்தெடுத்துத் தட்டில் அடுக்கி இதோ ஆள் என்று நீட்டினால் யார் ஒப்புக்கொள்வார், அதற்குப் பெயர் தொகுப்பாம், சிறந்த பாடல்களாம், எது சிறந்தது என்று முடிவு கட்ட இவர்கள் யார்... என்று மனத்துக்குள் வழக்காடியபடியே அவர் லென்ஸைச் சாணைச் சக்கரத்தில் பொருத்தினார், தண்ணீர் சொட்டுச் சொட்டாய் விழ, விளிம்பு தேயத் தொடங்கிற்று. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை அது, ஒரு மேசை, ஒரு சக்கரம், சுவரெல்லாம் ஃபிரேம்கள், ஆளில்லாத முகங்கள் நூறு தம்மையே பார்ப்பதுபோல் அவருக்கு எப்போதும் ஒரு கூச்சம். முன்புறம் மனைவி யாரோ ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தாள், கடைசி வரி தெரியுதாங்க ஐயா, கடைசி வரியா, பலகை எங்கம்மா இருக்கு அதைச் சொல்லு முதல்ல... சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது. கடை சாத்துவதற்குள் இடி வந்துவிடுவான். வந்தால் பதில் சொல்ல வேண்டும்.

இடி என்பது பட்டப்பெயர், இளமையில் அவர்களுடைய குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். கீபோர்டு வாசித்த இவர் பெட்டி. பாட்டெழுதிப் பாடியவன் நெட்டையன், ஒலிவாங்கிக் கம்பத்தை எவ்வளவு உயர்த்தினாலும் அவன் குனிந்தே பாட வேண்டியிருக்கும். மூவரும் வாசித்தது புரோகிரசிவ் ராக், மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டைக் கேவலம் என்று எண்ணிய காலம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டு நிரப்பினால்தான் நெஞ்சு நிறையும். அந்தப் பெரிய பாட்டுக்கு ஏழு பகுதிகள். ஒரு பகுதி எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லிலேயே அடுத்தது தொடங்கும், அந்தாதி, நெட்டையனுடைய யோசனைதான் அது, ஒன்றின் வால் மற்றொன்றின் வாயில். அதைத்தான் இப்போது வெட்டியிருக்கிறார்கள். முதலிரண்டு பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்றாவது தொடங்குகிற இடத்தில் கத்தி. மூன்றாவது பகுதி இவருடையது, சொல்லே இல்லாத நெடிய ஆர்கன் வாசிப்பு, அந்நாளில் கேட்டவர்கள் மெய்ம்மறந்தார்கள், இன்றைக்கும் தெருவில் எவனாவது நரைத்த தலை நிறுத்தி, சார் நீங்கதானே அது என்று கேட்டால் அந்த வாசிப்பைக் கேட்டவனாகத்தான் இருப்பான். தம்மை வெட்டியதால்தான் கோபமோ... இல்லை, இல்லவே இல்லை, கொள்கை, இது கொள்கை.

நேற்றுத் தொலைபேசியில் இடி பொரிந்து தள்ளிவிட்டான். “டேய் பெட்டி, மூணு பேரும் சரின்னாதான் இந்தப் புதுக் கம்பெனிக்காரன் தொகுப்ப வெளியிடுவான். ரெண்டு பேர் சொல்லியாச்சு, நீ மட்டும் வழியில படுத்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்கிற. முதல்ல கேட்டியா அதை?” கேட்கவில்லை. வெட்டிய பாட்டை அனுப்பி எத்தனையோ நாளாகியும் கேட்கவில்லை, கேட்காமலே மறுத்துக்கொண்டிருந்தார், கேட்பதே பாவம் என்பதுபோல. “கேக்காமலே தீர்ப்பா? பெரிய நீதிபதி! நாளைக்குக் கடை சாத்துறதுக்குள்ள வர்றேன். இல்லேன்னு சொல்றதா இருந்தா நெட்டையன் மூஞ்சியப் பார்த்து நீயே சொல்லு, என்னால ஆகாதுப்பா.” அதுதான் தைத்தது. நெட்டையனுக்குத் தொண்டையில் கத்தி வைத்த பிறகு குரல் திரும்பவில்லை, காற்றுதான் வருகிறது. பழைய தட்டுகளும் எங்கும் கிடைப்பதில்லை, போட்ட நிறுவனமே மூடிப்போயிற்று. போன மாதம் பார்க்கப் போனபோது காதருகே குனிந்து, அப்போதும் குனிந்துதான், காற்றாலேயே சொன்னான், “நான் பாடகன்னு சொன்னா ஆஸ்பத்திரி நர்ஸ் சிரிக்குதுடா. அத்தாட்சிக்காவது ஒண்ணு வேணாமா?” இவரும் சிரித்தார். பதில் சொல்லாமல் வந்துவிட்டார். சொல்லாமல் வருவதற்கும் ஒரு துணிவு வேண்டும்தானே, கல்நெஞ்சு வேண்டும்தானே...

அம்மா நினைவுக்கு வந்தாள், ஏன் இப்போது, சக்கரத்தின் ரீங்காரம் காரணமாயிருக்கலாம். தையல் இயந்திரத்தை மிதித்தபடி துதிப்பாடல்கள் பாடுவாள், ஒரு பதிகத்திலிருந்து ஒரு பாட்டு, இன்னொன்றிலிருந்து பாதி, துணி முடிகிற இடத்தில் பாட்டும் முடியும். பத்தையும் பாடாமல் விட்டதற்காக இறைவன் அவள் பக்கம் செவி சாய்க்காமலா இருந்தான்? பழம்பாட்டுகள் பிழைத்ததும் யாரோ ஒருவன் பொறுக்கித் தொகுத்ததனால்தான், அவன் விட்டவை கறையானுக்கு. ஆனால் அவை தனித்தனிப் பாட்டுகள், இது உறுப்பறுத்தல், அது வேறு இது வேறு... வேறுதானா? மனைவி உள்ளே எட்டிப்பார்த்தாள். “என்னங்க, பெரியவருக்கு லென்ஸ் ரெடியா? முகத்த ஏன் இப்படி வச்சிருக்கீங்க, இன்னும் அந்தப் பாட்டு வழக்குதானா?” முழுசா இருந்தாதான் அது அது என்றார் இவர். அவள் மேசைமேல் கிடந்த வட்ட லென்ஸையும் கீழே தொட்டியில் குவிந்திருந்த கண்ணாடிச் சேற்றையும் பார்த்தாள். “தினமும் நீங்க என்ன பண்றீங்களாம்? முழு லென்ஸ அப்படியேவா மூக்குல ஒட்டி அனுப்புறோம்? பார்வை விழுற மையம் தப்பாம வெட்டினா ஆச்சுன்னு எனக்கே சொல்லிக் கொடுத்தது யாரு?” என்று தேய்த்து முடித்த லென்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டாள், போகிற போக்கில் ஒரு குத்து, இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் நின்று சண்டையிட்டதே இல்லை.

சரி, கேட்டுவிட்டே மறுப்போம், அதுதான் நியாயம், என்று சக்கரத்தை நிறுத்திவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதற்பகுதி... நெட்டையன் குரல், அட, எவ்வளவு இளசு, பனி படிந்த செம்புக்குடம்போல, இப்படியா பாடினான், இத்தனை நாள் தம்முடைய விரல்களையல்லவா கேட்டுக்கொண்டிருந்தார்... இரண்டாம் பகுதி, இறுதி அடி, அலை எழுகிறது, அலை விழுகிறது, கடைசிச் சொல் கரை. கரை என்று நீட்டினான். இங்கேதான் தம் ஆர்கன் வெள்ளமாய்ப் புக வேண்டும், புகவில்லை, வெட்டியவன் அதைத் தனியே மெல்லத் தணித்து இல்லாமலாக்கியிருந்தான், பாவி... அப்போது, அந்த வெறுமையில், ஒன்று கேட்டது. மூச்சு. நெட்டையன் மூச்சு இழுத்தான். ஆழமாக, அடிவயிற்றிலிருந்து, பாடப்போகிறவன் இழுக்கும் மூச்சு. அத்துடன் முடிந்தது பாட்டு.

மறுபடி வைத்தார். கரை... மூச்சு. மறுபடியும். பாடகன் முன்னிருந்த ஒலிவாங்கி திறந்தே இருந்திருக்கிறது, இவ்வளவு காலமும் தம் ஆர்கன் அதன்மேல் அமர்ந்திருந்திருக்கிறது. ஆனால் ஏன் மூச்செடுத்தான், அங்கே பாடலே இல்லையே, மூன்றாவது பகுதிக்குச் சொல்லே கிடையாதே... கிடையாதா? ஒத்திகையில்... ஆமாம், ஒத்திகையில் இவருக்குக் கிடைத்தது ஓர் இடைவெளி, சின்னது, நாலு மூச்சு நேரம், அதன்பின் நெட்டையன் கரை என்றே தொடங்கிப் பாட வேண்டும். பதிவன்று கண்ணை மூடி வாசித்தார், கை நிற்கவில்லை, ஏதோ இறங்கியதுபோல் இருந்தது, கண் திறந்தபோது பகுதியே முடிந்திருந்தது, பதிவறைக் கண்ணாடிக்கு அப்பால் எல்லாரும் கைதட்டினார்கள். நெட்டையனும் தட்டினான். நல்லா வாசிச்சே பெட்டி, என்றான், வெளியே போய்விட்டான், திரும்பி வந்து நாலாவது பகுதியைப் பாடினான். அதற்குப் பின் அந்த வரிகளைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ஏழும் குறையாத முழுமை என்று இவர் காவல் காத்ததெல்லாம்... முதல் கத்தி யாருடையது? எத்தனை முறை மூச்செடுத்தானோ, ஒருமுறையா, ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டி இப்போது இடம் விடுவான் இப்போது விடுவான் என்று...

இடி உள்ளே வந்ததும் தெரியவில்லை, தோளில் அடித்தபோதுதான் தெரிந்தது, அவன் தட்டுவதே அடிதான். “என்னடா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே. முடிவு சொல்லு.” இவர் ஹெட்போனைக் கழற்றினார். “மூணாவது பகுதியில அவன் பாட இருந்தானே, அந்த வரி உனக்கு ஞாபகம் இருக்கா?” இடி விழித்தான். “எந்த வரி? அங்க நீ வாசிப்பே, நான் உன் கையையே பார்த்து அடிச்சுக்கிட்டிருப்பேன்... ஏதோ இருந்துச்சு இல்ல? யாருக்குடா தெரியும். பேச்ச மாத்தாதே, ஆமாவா இல்லையா?” “ஆமா.” “என்னது?” “ஆமாடா. வெட்டினவன்கிட்ட மட்டும் சொல்லு, கடைசில வர்ற மூச்சச் சுத்தம் பண்றேன்னு எடுத்துடப்போறான்.” என்ன மூச்சு, என்றான் இடி. இவர் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார், மனைவியிடம் நெட்டையன் வீடுவரை போய்வருகிறேன் என்றார்.

தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது, இடி முன்னால் நடந்தபடி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனான், இவர் காதில் விழவில்லை. முதற்சொல் தெரியும், அந்தாதியல்லவா, கரை. அதற்கப்புறம்? கரை என்ன செய்தது, வந்ததா, விலகிற்றா, யாருடைய கரை... நெட்டையனிடம் கேட்கலாம், கேட்டால் மறந்துபோச்சுடா என்று கையை விரிக்கலாம், அதையும் பொறுத்துக்கொள்ளலாம், மறக்கவில்லை என்று அவன் எழுந்து, கதவுநிலைக்குக் குனிகிறவனைப்போலக் காதருகே குனிந்து, ஒரு வரியும் விடாமல் எல்லாவற்றையும் வெறுங்காற்றாலேயே பாடிக்காட்டிவிட்டால்... தாம் எங்கே பார்த்துக்கொண்டு அதைக் கேட்பது?