பம்பாயிலிருந்து வரும் மெஷின்

எழுபத்து நாலில் எங்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு, கார்டில் ஓட்டை போட்டுக் கணக்கு வைக்கும் மெஷின் வருவதாக முடிவானது. அதுவரை ஸ்டோர் கணக்கெல்லாம் என் கையெழுத்துதான். மேனேஜர் தணிகாசலம் என்னைக் கூப்பிட்டு, "அதை அடிக்கக் கத்துக்கிட்டு வா சாராள், அந்த சீட் உனக்கு. இல்லேன்னா பேக்கிங்தான்" என்றார்.

கத்துக்கொள்ள இந்தப் பக்கம் ஏது இடம்? விசாரித்து அலைந்து, பாரிமுனையில் ஒரு மாடியில் மணவாளன் மாஸ்டரைப் பிடித்தேன். வேலை முடிந்து பாசஞ்சரில் தொங்கிக்கொண்டு போனால், அங்கே மெஷினே இல்லை. மெஷினின் விசைகளை வரைந்த அட்டைகள்தான் இருந்தன. "பம்பாய்லேர்ந்து கெளம்பிடுச்சும்மா. அதுக்குள்ள விரலைப் பழக்கிக்கோ" என்றார்.

பழக்கினேன். எட்டு மாதம். என் வீட்டுக்காரர் தாவீது, "அட்டைய தட்டறதுக்கு இன்னாத்துக்கு மெட்ராஸ் போய்க்கினு வர்ற? ஊட்லயே தட்டேன்" என்று கிண்டல் செய்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாஸ்டரோ கடிகாரத்தைப் பார்த்து "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பார். அந்த வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும்.

கம்பெனிக்கு மெஷின் வந்து இறங்கியதும் அதில் டெஸ்ட் வைத்தார்கள். வேகத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. தணிகாசலத்துக்கு முகமெல்லாம் பல். பிறகு கார்டுகளைச் சரிபார்த்தார்கள். மூன்று அடிக்க வேண்டிய இடத்தில் ஆறு, ஆறுக்கு ஒன்பது. விரல் ஒரு வரிசை தள்ளியே விழுந்திருந்தது. எட்டு மாதமும் அப்படித்தான் விழுந்திருக்கும். அட்டை என்ன, தப்பென்று வாய்திறந்து சொல்லுமா? அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. மறுவாரம் பேக்கிங்கில் பேரைச் சேர்த்துவிட்டார்கள்.

லீவு போட்டுவிட்டு அந்த மாடிக்குப் போனேன், மாஸ்டரைக் கிழித்துத் தொங்கவிடுவதற்காகவே. ஏழெட்டுப் பெண்கள் தலை நிமிராமல் அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நடந்ததை அவர் முன்னாலேயே போட்டு உடைத்தேன். "இத்த கத்துக்கினு ஒண்ணும் ஆவாது. எழுந்து ஊட்டுக்குப் போங்க."

ஒருத்தியும் எழவில்லை. ஊத்துக்கோட்டையிலிருந்து வருகிற அங்காளம்மாள் மட்டும் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ நீ நெஜ மெஷின தொட்டுக்கிறியாக்கா? எப்டிக்கா இருந்திச்சு?"

மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். மணவாளன் மாஸ்டர் தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.