பதினேழு பேர் படுத்த கட்டில்

எழுபத்தெட்டாம் வருஷத்து வெள்ளத்தில் பதினேழு மனிதர்களும் ஓர் ஆடும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் மூன்று நாள் குடித்தனம் நடத்திய கட்டில், மூவுலகிலும் நிபாரண் லாஹிரியின் கட்டில் ஒன்றுதான். அதன் மேலேயே அரிசியும் பருப்புமாகக் கிச்சுரி வெந்தது. கால்மாட்டிலிருந்து தூண்டில் போட்டால் அறைக்குள்ளேயே கெண்டை கடித்தது. அவர் குடியிருந்த ஷியாம்பஜாரில் இதைக் கேட்காத மீன்காரர் கிடையாது. தபால் ஆபீஸிலிருந்து அவர் ஓய்வு பெற்ற பிறகு, கெண்டை வாரத்துக்கு அரைக் கிலோ எடை கூடிக்கொண்டே வந்தது.

நம்பாத ஆள் ஒருத்திதான். மனைவி கேதகி.

"பதினேழு பேர் படுத்தா ஆடு எங்க படுத்துச்சு?"

"ஆடு நின்னுச்சு. நாங்களே முறை வச்சுத்தான் படுத்தோம். எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. டேபி அத்தை காலுக்குப் பூசுற செம்பஞ்சுக் குழம்பால பட்டியலே எழுதினா, தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால."

"எட்டு ஆளு வந்தாலும் நகராத கட்டிலுக்குப் பின்னாலயா? நல்ல இடமாப் பார்த்துத்தான் எழுதியிருக்கா!"

பழைய வீடு இடிபட்டது. அதே மனையில் எழுந்த அடுக்குமாடியில் அவர்களுக்கு மூன்றாவது மாடி. உள்ளலங்காரம் செய்ய வந்த தோர்ஷாவிடம் நிபாரண் ஒரே நிபந்தனைதான் வைத்தார்.

"கூரையில நட்சத்திரம் வேணும்னாலும் ஒட்டிக்கோம்மா. ஆனா கட்டில் முழுசா உள்ள வரணும்."

"வரும் மேஷோ. என்னை நம்புங்க," என்றாள் அவள், சொந்தச் சித்தப்பாவிடம் சொல்வதுபோல்.

அவள் போட்ட வரைபடத்தில் கட்டில் நடுநாயகமாக நின்றது. மழைக்காலத்தில் கட்டிலை உயர்த்தக் கால்களுக்கு அடியில் வைக்கும் செங்கற்களைக்கூட விடவில்லை, காலுக்கு நான்கு.

"மூணாவது மாடிக்கு வெள்ளம் வருமா மேஷோ?"

"வந்துட்டா?"

செங்கலை மதிக்கத் தெரிந்த பெண் என்று நிபாரண் உருகிப்போனார். வேலை முடியும்வரை பர்தமானில் தம்பி வீட்டில் தங்கி, அங்கிருந்த மீன்காரர்களுக்கும் வெள்ளத்தைச் சொன்னார். கேதகிதான் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

குடிபோன நாள் காலையில் அவர் நேராகப் படுக்கையறைக்குள் போனார். அங்கே முழங்கால் உயரத்தில், மெத்தென்று, இழுப்பறை வைத்த புதுக் கட்டில் ஒன்று கிடந்தது.

"நம்ம கட்டில் எங்கம்மா?"

தோர்ஷா சிரித்த முகமாகக் கூடத்தைச் சுற்றிக் கை காட்டினாள். சிங்கக்கால் நான்கும் சாப்பாட்டு மேஜைக்கு. சட்டங்கள் புத்தக அலமாரிக்கு. தலைமாட்டுப் பலகையில் பாதி வாசலில் உட்காரும் பெஞ்சு, மீதி செருப்பு அலமாரி.

"ஒரு துண்டு வீணாகல மேஷோ!"

"நான் போடச் சொன்ன படம்?"

அவள் கேதகியைப் பார்த்தாள். "ரெண்டாவது படத்துல மாஷி கையெழுத்துப் போட்டாங்களே... உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

நிபாரண் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீயா?"

"நான்தான்," என்றாள் கேதகி. "நீங்க மேல படுத்து வெள்ளம் பேசினீங்க. முப்பத்து மூணு வருஷம் அரிசிப் பானைக்கும் பெட்டிக்கும் அதுக்கடியில தவழ்ந்தவ நான். மேல ஏறுறதுக்கும் முக்காலி போடணும். முட்டி தேஞ்சுபோச்சு. கேட்டா ஒத்துப்பீங்களா?"

"ஒத்துக்க மாட்டேன். அதுக்காகக் கேட்காமலேயே அறுத்துடுவியா?"

நிபாரண் வெளியே போகலாம் என்று வாசலுக்கு வந்து, செருப்பைத் தேடிக் குனிந்தார். பெஞ்சின் அடிப்பக்கம் என்னவோ சிவப்பாகத் தெரிந்தது. பெஞ்சைக் கவிழ்த்தார்.

மங்கிய செம்பஞ்சில் டேபி அத்தையின் கோணல் எழுத்து. பெரியப்பா, சாயங்காலம்வரை. சின்னத் தாத்தா, கிச்சுரி வேகும்வரை. ஒன்பதாவது வரியில் பலகை முடிந்திருந்தது. அது அவருடைய பெயர். நீளவாக்கில் ரம்பம் ஓடி, எழுத்துகளின் மேல்பாதி மட்டும் மிஞ்சியிருந்தது.

கேதகி தேய்ந்த முட்டியோடு தரையில் உட்கார்ந்தாள். செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, அலமாரித் தட்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தாள். நிபாரணின் கீழ்ப்பாதி அங்கே இருந்தது. அதற்குக் கீழே இன்னும் எட்டுப் பேர். விரல் வைத்து எண்ணினாள். கடைசி வரியை வாய்விட்டுப் படித்தாள்.

"'ஆடு, நிற்கட்டும்.'"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அலமாரிக்குள்ளிருந்தே அவள் குரல் வந்தது.

"கெண்டை வேணும்னா பொய்யா இருக்கட்டும். மத்ததெல்லாம் நடந்திருக்குங்க."