லைன் நல்லா இருக்கு

முதல் ஆன்லைன் நேர்காணலில் என் முகம் திரையில் வாயைப் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. அது எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். குடிநீரின் கடினத்தன்மையை எப்படி அளப்பது என்பதை வாழ்க்கையில் முதன்முறையாகத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன். திரையில் இருந்த இருவரும் அசையாமல் கேட்டார்கள். இவ்வளவு கவனமாக யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை என்று நினைத்தேன். பிறகுதான் அவர்கள் முகத்துக்கு நடுவில் ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்தேன்.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வரும் வியாழக்கிழமை காலை இன்னொரு வாய்ப்பு தருகிறோம், இணைப்பு சரியாக இருப்பதை உறுதி செய்துகொள்ளவும், அதற்குப் பிறகு வாய்ப்பு கிடையாது என்று எழுதியிருந்தார்கள். வேதியியல் படித்தவர்களை முன்அனுபவம் கேட்காமல் எடுத்துக்கொள்வது அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றுதான். நான் பார்த்த மற்ற விளம்பரங்கள் எல்லாம் 'நன்றாகப் பேசத் தெரிந்தவர் தேவை' என்று தொடங்கின.

"கிடைக்கலன்னா கவலப்படாத," என்றான் அண்ணன். "நம்ம இன்டர்நெட் கம்பெனி கஸ்டமர் கேர்லயே சேர்ந்துடு. ஃபோனை எடுத்துட்டுப் பேசாம இருக்கணும். உனக்குன்னே பண்ண வேலை."

அண்ணன் என்னைக் கல்லுளிமங்கி என்றுதான் கூப்பிடுவான். அடித்தாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்று அர்த்தம்.

எங்கள் வீடு இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவில் தரைத்தளத்தில் இருக்கிறது. கைபேசியில் பேச முடியும், ஆனால் இணையம் குளியலறை ஜன்னலில் மட்டும் வரும், அதுவும் கம்பிக்கு வெளியே கையை நீட்டினால். அப்பா வேலை பார்க்கும் மருந்துக்கடையிலும் இதே கம்பெனியின் இணைப்புதான். அதனால் வீட்டு இணைப்பை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

மோடம் ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. ஃப்ரிட்ஜை ஒட்டி அம்மாவின் தையல் மெஷின். அம்மா கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். கம்பெனிக்கு எப்போது ஃபோன் செய்தாலும் மோடத்தை அணைத்துவிட்டுப் போடச் சொல்வார்கள். இதில் அம்மா கைதேர்ந்தவளாகிவிட்டாள். வீட்டில் யார் 'நின்னுடுச்சு' என்றாலும் தைப்பதை நிறுத்தாமலே இடது கையை நீட்டி சுவிட்சை அணைத்துவிடுவாள். ஒருமுறை அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னதற்கும் அணைத்தாள்.

புகார் கொடுக்கும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று பதிவு செய்த பெண் குரல் சொன்னது. "சரிம்மா," என்றார் அப்பா. 'தொடர்ந்து காத்திருக்கவும்.' "இருக்கேம்மா."

"அது மெஷின்ப்பா," என்றான் அண்ணன்.

"இருக்கட்டும்டா. மரியாதையாத்தான பேசுது."

புகார் பதிவானது. அடுத்த நாள் யாரும் வரவில்லை. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி' என்று செய்தி வந்தது. அப்பா மறுபடி ஃபோன் செய்தார். மறுபடியும் தீர்க்கப்பட்டது.

"அங்கேருந்தே ஏதாவது சரி பண்ணியிருப்பாங்களோ," என்றார் அப்பா.

வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் ஃபோன் அடித்தது. கம்பெனிக்கு நாங்கள் கொடுத்திருந்தது அவள் எண்தான். கையில் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"வணக்கம்மா. இன்டர்நெட் கம்பெனில இருந்து பேசறேன். லைன் எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

"குறை ஏதாவது இருக்காம்மா?"

"ஒரு குறையும் இல்லப்பா. நீ சாப்பிட்டியா?"

"இனிமேதாம்மா."

"நேரத்துக்குச் சாப்பிடு. தொண்டை கட்டியிருக்கு பாரு. வெந்நீர் குடி."

"சரிம்மா. அப்ப புகாரை மூடிடறேன்."

"மூடிக்கோப்பா."

நான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அம்மாவிடம் காட்டினேன்.

"நின்னுடுச்சா?" என்று சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அம்மா, இந்த மாதிரி எத்தன தடவ சொல்லியிருக்க?"

"எந்த மாதிரி?"

"நல்லா இருக்குன்னு."

"கேக்கும்போதெல்லாம் சொல்றேன். யாரு பெத்த புள்ளையோ, எங்கயோ உக்காந்து தொண்டத்தண்ணி வத்தப் பேசுது. எப்படி இருக்குன்னு கேட்டா அதுகிட்ட ஒப்பாரி வைக்கச் சொல்றியா?"

"அவங்க நம்மள விசாரிக்கலம்மா. லைனத்தான் விசாரிக்கறாங்க."

"எதுவா இருந்தா என்ன. வெளி ஆளுகிட்ட நொட்ட சொல்லி எனக்குப் பழக்கமில்ல."

அது உண்மைதான். சமையலறைக் கூரையின் காரை பெயர்ந்து விழுந்த அன்று அத்தை ஃபோன் செய்தபோது, தலையெல்லாம் சுண்ணாம்போடு நின்றபடி 'எல்லாரும் சௌக்கியம் அண்ணி' என்று சொன்னவள் அம்மா. அப்பா கடைக்காரர் தப்பான அளவில் கொடுத்த செருப்பைத் தேயும் வரை போட்டார். நானும் கல்லூரியில் 'புரிஞ்சுதா' என்று கேட்ட எல்லாப் பேராசிரியர்களுக்கும் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டு அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அடப்பாவமே. நாம கம்பெனியத் திட்டிட்டிருக்கோம். உளவாளி வீட்டுக்குள்ளயே உக்காந்து திரை தச்சிட்டிருக்கு."

"என்னடா உளவாளி? பெத்தவள அப்படித்தான் சொல்லுவியா?" என்றாள் அம்மா. "மூடறேன்னுச்சு, மூடிக்கோன்னேன். திறந்து வைக்கணும்னு யாராவது சொன்னீங்களா?"

யாரும் சொல்லவில்லை.

அம்மாவின் ஃபோனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஃபோனில் பேசுவது எனக்கு ஆகாது. அதனால் கம்பெனியின் செயலியில் எழுதிப் புகார் கொடுக்க முடிவு செய்தேன். குளியலறை ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டி, கன்னத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். 'உங்கள் இணைப்பில் கோளாறா? எங்கள் இணையதளத்தில் உள்ள விளக்கக் காணொளியைப் பாருங்கள்' என்று பதில் வந்தது. நான் மறுபடி எழுதினேன். மேல்மாடிக்காரர் துணி உலர்த்த வந்தவர், ஜன்னலிலிருந்து நீண்டிருந்த இரண்டு கைகளைப் பார்த்துவிட்டுத் துணியோடு உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை வெயில் தாழ்ந்த பிறகு லைன்மேன் வந்தார். ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஃப்ரிட்ஜின் முன் நின்று மோடத்தைப் பார்த்தார். வயரை உருவி, துடைத்து, மறுபடி செருகினார்.

"மோடம் நல்லா இருக்கு. கோளாறு தெருமுனைக் கம்பத்துல. பெட்டிக்குள்ள ஜாயின்ட் போயிருக்கும். மேல ஏறணும். இன்னைக்கு இன்னும் நாலு வீடு இருக்கு. நாளைக்கு மத்தியானம் வந்து கண்டிப்பா பண்ணித் தரேன்."

"அதுக்கென்ன தம்பி, மெதுவா வாங்க," என்றாள் அம்மா. சொன்ன பிறகு என்னைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப உங்க ஃபோனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். அத மட்டும் சொல்லிடுங்க."

ஃபோன் என் கையில் இருந்தது. எண்ணும் வந்திருந்தது. அதைச் சொன்னால் வேலை முடிந்ததாகக் கணக்கு. புகார் மூடிவிடும்.

"இன்னைக்கு முடிச்சுக் காட்டலன்னா எனக்கு மைனஸ் விழும்," என்றார் லைன்மேன். "நாளைக்கு நான் வராமப் போயிடுவேனா?"

நான் சொல்லவேண்டிய வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. நாளை காலை எனக்கு நேர்காணல், மத்தியானம் வந்து பயனில்லை, தயவு செய்து இப்போதே ஏறுங்கள். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வாய் திறக்கவில்லை. ஃபோனை மார்போடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அவர் சத்தமாகச் சொன்னார். "ஓடிபி!"

நான் ஃபோனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கூச்ச சுபாவம் தம்பி," என்று அம்மா டீ போட எழுந்தாள்.

லைன்மேன் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ வந்தது. குடித்தார். என்னைப் பார்த்தார். நான் தரைக்கல்லில் இருந்த விரிசலைப் பார்த்தேன். அது சுவரோரம் போய் இரண்டாகப் பிரிந்தது.

"தங்கச்சி பேசுமா?" என்று அவர், வேலை முடிந்து வந்திருந்த அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார்.

"பேசுவா. ஆனா நீங்க கேக்கற நேரத்துல பேசமாட்டா."

"ஒரு நம்பர்தானங்க."

"அண்ணே, நான் இவகூடப் பொறந்தவன். அனுபவத்துல சொல்றேன். கம்பத்துல ஏறிடுங்க. அது சுலபம்."

லைன்மேன் ஜன்னல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். இன்னொரு முறை என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடாகியிருந்தது. அழுகை வரும்போல் இருந்தது. ஆனால் அழுவதற்கும் வாயைத் திறக்கவேண்டும். கடைசியில் அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து ஏணியை அவிழ்க்கப் போனார். அண்ணன் பின்னால் ஓடிப்போய் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

தெருவிளக்கு எரியத் தொடங்கியபோது மோடத்தில் சிவப்பு அணைந்து பச்சை வந்தது. அது கண்சிமிட்டாமல் எரிவதை நான் அன்றுதான் பார்த்தேன். லைன்மேன் கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் எண்ணைச் சொன்னேன்.

"நல்லாத்தானே பேசற," என்றார். "இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அப்போதே சொல்லியிருந்தால் நீங்கள் ஏறியிருக்கமாட்டீர்கள் என்ற பதில், அவர் வண்டி தெருவைத் தாண்டிய பிறகு எனக்கு வந்தது.

வியாழக்கிழமை காலை அண்ணன், லைனை இழுக்கக்கூடாது என்று தன் ஃபோனை அணைத்து எல்லாருக்கும் காட்டிவிட்டு வேலைக்குப் போனான். அம்மா சத்தம் வரக்கூடாது என்று மெஷினை ஓட்டாமல், கையால் கொக்கி தைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் உள்ளறையில் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். மூடினால் வைஃபை சிக்னல் குறையும்.

படம் பளிச்சென்று வந்தது. தலைமை வேதியியலாளர் ஒரு பெண்மணி. போன தடவை அவருக்கு முகம் மட்டும்தான் இருந்தது. இப்போது அவர் மூக்குக்கண்ணாடியில் ஜன்னலின் பிம்பம் கூடத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த மேலாளரின் சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அவர்களுக்கும் நான் அப்படித்தான் தெரிவேன். இணைப்பு நன்றாக இருந்ததால் சாக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

"ஒரே தண்ணிய ரெண்டு தடவ சோதிக்கறீங்க," என்றார் வேதியியலாளர். "ரெண்டு விடை வருது. என்ன செய்வீங்க?"

புத்தகத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு. மூன்றாவது முறை சோதித்துச் சராசரி எடுக்கவேண்டும். அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். நான் யோசிக்கும்போது அசைவதில்லை. இமைப்பதும் குறைவு என்று அண்ணன் சொல்வான்.

"ஹலோ? கேக்குதாம்மா?" வேதியியலாளர் திரையருகே குனிந்தார். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினார். "சார், இந்தத் தடவையும் நின்னுடுச்சு."

வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திறந்த கதவு வழியாக அம்மாவின் இடது கை சுவிட்சை நோக்கிப் போவதைப் பார்த்தேன்.

"அம்மா! கை வைக்காத! லைன் நல்லா இருக்கு! நான் யோசிச்சிட்டிருக்கேன்!"

என்னிடம் அவ்வளவு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. பக்கத்துக் கட்டடத்தில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். திரையில் இருவரும் பின்னுக்குச் சாய்ந்திருந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க மேடம்," என்றேன். "எங்கம்மா மோடத்தை அணைக்கப் போனாங்க."

"அணைச்சுட்டாங்களா?"

"இல்லைங்க."

"நல்லது. யோசிச்சு முடிச்சாச்சா?"

"முடிச்சுட்டேன் மேடம். மூணாவது தடவ உடனே சோதிக்கமாட்டேன். ரெண்டு விடைல ஒண்ணு நமக்குப் பிடிச்சதா இருக்கும். மூணாவதும் அது பக்கத்துல வந்துட்டா அதையே எழுதிடுவோம். முதல்ல ரெண்டுக்கும் நடுவுல என்ன மாறிச்சுன்னு பார்ப்பேன். பாட்டில், கரைசல், என் கை, எல்லாத்தையும்."

வேதியியலாளர் அசையாமல் என்னைப் பார்த்தார். படம் நின்றுவிட்டதோ என்று நான் பயந்தேன். கண்ணாடியில் இருந்த ஜன்னல் அசைந்தது.

"இங்க தண்ணி சரியில்லன்னா சரியில்லன்னு எழுதணும்," என்றார் மேலாளர். அவர் பேசியது அதுதான் முதல்முறை. "எழுதினா தண்ணி கம்பெனிக்காரங்க ஃபோன் பண்ணுவாங்க. நல்லா இருக்குன்னு மாத்தி எழுதுங்கன்னு மணிக்கணக்கா பேசுவாங்க. அவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன் சார்."

"ஒண்ணுமேவா?"

"ஆமாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலாளர் குனிந்து தன் சட்டைப் பித்தானைக் கவனித்து, கழற்றி, சரியான துளையில் போட்டுக்கொண்டார். "திங்கட்கிழமை வந்துட முடியுமா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"தலையாட்டினா எங்களுக்கு எப்படித் தெரியும்? லைன் விட்டு விட்டு வருதே."

திறந்த கதவு வழியாகப் பார்த்தேன், மோடத்தில் பச்சை கண்சிமிட்டாமல் எரிந்தது. "உங்க பக்கம்தான் சார் கோளாறு," என்றேன். "கம்ப்ளெய்ன்ட் குடுங்க. திங்கட்கிழமை வரேன்."