கஸ்தூரியின் கல்

என் வீட்டுக்காரர் பார்த்தசாரதி ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். லத்தி வைத்திருக்கும் இன்ஸ்பெக்டர் இல்லை. கடைசல் பிரிவிலிருந்து வரும் சாமான்களை அளந்து பார்த்து, தேறியது தேறாதது என்று பிரிக்கிற இன்ஸ்பெக்டர். ஒரு பெட்டியில் பத்து சாமானை எடுத்துப் பார்ப்பார். இரண்டு சரியில்லை என்றால் பெட்டி மொத்தமும் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். மீதியில் நல்லது இருக்காதா என்று கேட்டால், "அதைத் தேடிக்கிட்டு உக்கார்றது என் வேலை இல்லை" என்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். சோற்றில் ஒரு கல் தட்டுப்பட்டால் போதும், அன்றைக்குச் சாப்பாடே வேண்டாமென்று கையைக் கழுவிவிடுவார். இருபத்தேழு வருஷமாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அரிசி பொறுக்குகிறேன்.

எங்களுக்கு ஒரே பெண், கஸ்தூரி. கடல் உயிரினங்களைப் பற்றி எம்.எஸ்ஸி. படித்தாள். குவார்ட்டர்ஸ் ஹாலில் சோபா போட வேண்டிய இடத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தாள். உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே பெரிய கற்களை அடுக்கி, இரண்டு மீனும் நாலைந்து நத்தையும் விட்டாள். பூந்தமல்லியில் மீன் கடை வைத்திருக்கும் துலுக்கானம் மாதம் ஒரு தடவை காசிமேட்டிலிருந்து கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். படிப்பு விஷயமாக மண்டபம் போனபோது கஸ்தூரி உள்ளங்கை அகலத்தில் ஒரு கல் கொண்டுவந்து தொட்டியில் வைத்தாள். அதன்மேல் நாலு பச்சை வட்டங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. காளான் பவளமாம், உயிர் இருக்கிறதாம். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் காலையில் குழல் விளக்கைப் போட்டதும் அந்த வட்டங்கள் மெல்ல விரிவதை ஒரு நாள் பார்த்துவிட்டேன், அதற்கப்புறம் சிரிக்கவில்லை. ஒரு வருஷத்தில் நாலு இருபதாயிற்று.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆனி மாதம் கஸ்தூரி கூடப் படித்த தூத்துக்குடிப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி, வேறு மதம். மறுநாள் காலை இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். இவர் கதவை முழுசாகத் திறக்கக்கூட இல்லை.

"உன் சாமான் ஏதாவது இருந்தா வந்து எடுத்துக்கோ. வேற எதுக்கும் இந்த வாசலுக்கு வராதே" என்றார்.

அவளும் அப்பனுக்குப் பிறந்தவள்தானே. வந்த வழியே திரும்பிப் போனாள். துணிமணி, சர்ட்டிபிகேட், புத்தகம் எல்லாவற்றையும் சிநேகிதியை அனுப்பி எடுத்துக்கொண்டாள். அந்தக் கல் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதைப் பெட்டியில் போட்டு யாரிடமும் கொடுத்தனுப்ப முடியாதாம்.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தத் தொட்டியை நான்தான் பார்த்துக்கொண்டேன். மீன் இரண்டுக்கும் தீனி போடுவேன், தண்ணீர் வற்றினால் ஊற்றுவேன். இவர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. தொண்ணூற்றேழு புரட்டாசியில் கஸ்தூரியிடமிருந்து கடிதம் வந்தது. தூத்துக்குடியில் சொந்தமாக வீடு பார்த்துவிட்டார்களாம். "பொங்கல் கழித்து நானே வந்து கல்லை எடுத்துக்கொள்கிறேன். அப்பாவிடம் சொல்லிவிடு" என்று எழுதியிருந்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் காதில் விழட்டும் என்று சத்தமாகப் படித்தேன்.

"பொங்கல் கழிச்சா?" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்தக் கல் உயிரோடு இருக்கிறவரை என் பெண் இந்த வீட்டுக்கு வர ஒரு காரணம் இருக்கிறது. வந்தவளை நிறுத்திவைத்து ஒரு வாய் காபி கொடுக்க மாட்டேனா, அந்தக் காபி ஆறுவதற்குள் இவர் வாயைத் திறக்க மாட்டாரா என்று மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது.

மறுநாளிலிருந்து தொட்டி இவர் கைக்குப் போய்விட்டது. காற்று பம்பைப் பிரித்து எண்ணெய் போட்டார். கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்தார். ஒப்படைக்கிற சாமானில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்கிற உத்தியோகப் புத்தி என்றுதான் நினைத்தேன்.

தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் பச்சை வட்டங்கள் சுருங்க ஆரம்பித்தன. விளக்கைப் போட்டாலும் முழுசாக விரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொட்டியைக் கறுப்புக் கம்பளியால் மூடிவைத்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கம்பளிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.

"புஷ்பா, இங்கே வா" என்று கூப்பிட்டார்.

கல்லின் அடியிலிருந்த துளையிலிருந்து ஒரு புழு பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரல் நீளம், மங்கின ரோஜா நிறம், இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக மயிர். பவளத்தின் காலடியில் எதையோ மேய்ந்துகொண்டிருந்தது.

"இதுதான் தின்னுது" என்றார். அவர் முடிவு சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது.

கையால் பிடிக்கப் போய் முதல் நாளே விரலெல்லாம் முள் ஏறிவிட்டது. கண்ணுக்கே தெரியாத மயிர். செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தேன். பாதிதான் வந்தது, விரல்கள் வெண்டைக்காயாக வீங்கிவிட்டன. அதற்கப்புறம் தொழிற்சாலையில் சொல்லி ஒரு பொறி செய்துகொண்டு வந்தார். சின்னப் பிளாஸ்டிக் டப்பா, அதன் மூடியில் அளந்து போட்ட மூன்று துளைகள். உள்ளே இறால் துண்டு வைக்க வேண்டும். முட்டைகூட நுழையாத வீடு எங்களுடையது. மனிதர் மார்க்கெட்டுக்குப் போய் இறால் வாங்கி வந்து, என் சமையல் மேடையில் வைத்து பிளேடால் நறுக்கினார். நான் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். மகள் ஒரு மீன் தின்கிற வீட்டுக்குப் போனதற்குக் கதவைச் சாத்தியவர் இவர்.

காலையில் டப்பாவுக்குள் நாலைந்து புழுக்கள் சுருண்டு கிடக்கும். ஒவ்வொன்றையும் காகிதத்தில் போட்டு நீளம் அளந்துவிட்டுத்தான் எறிவார். புழுக்கள் குறையக் குறைய பவளம் தேறவில்லை, இன்னும் மோசமாகத்தான் ஆயிற்று. இறந்துபோன நத்தை ஒன்று தின்ன ஆளில்லாமல் மூலையில் அழுகிக் கிடந்தது. பச்சை வட்டங்களின் மேல் கடுகளவு பழுப்புப் புள்ளிகள் படர்ந்திருப்பதை நான் பார்த்தேன்.

"இது என்னங்க, துரு மாதிரி?"

"அது அதோட கலர். நீ குழப்பாதே."

கார்த்திகை மாதம் தண்ணீர் கொண்டுவந்த துலுக்கானத்திடம் டப்பாவைக் காட்டினார். துலுக்கானம் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இதப் போயி இன்னாத்துக்கு சார் புடிச்சிகினு கீற? கடல்ல கல்லுக்குக் கல்லு கீது இது. மீனு துன்னுட்டு உட்டத, செத்தத, அல்லாத்தயும் இதான் துன்னு கிளீன் பண்ணுது. அது பாட்டுக்குக் கெடக்கட்டும், உட்டுடு."

"அப்ப பவளம் ஏன் சுருங்குது?"

"அதான் எனக்குத் தெர்ல. பாப்பாவாண்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரேன் சார். அது படிச்ச புள்ள."

இவர் முகம் மாறிவிட்டது. "நீ தண்ணி கொண்டுவந்தா போதும்" என்றார்.

"தண்ணியும் இனிமே கஷ்டம் சார். மழ உட்ற வரைக்கும் கரையோரம் பூரா கலங்கிகினு கீது. ஆத்துத் தண்ணி வேற கலந்துபூட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது நானும் கேட்டேன். "கஸ்தூரிக்கு ஒரு கார்டு போடட்டுமா?"

"எதுக்கு? ஒரு கல்லைப் பார்த்துக்கத் துப்பில்லைன்னு அவ புருஷன் சிரிக்கறதுக்கா?"

பதினைந்து பைசா கார்டு. இவரைக் கேட்காமல் நானே போட்டிருக்கலாம். இருபத்தேழு வருஷம் கேட்டே பழகின புத்தி, அன்றைக்கும் கேட்டுத் தொலைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் கல்லையெல்லாம் வெளியே எடுத்துவிட்டார். அடியில் அண்டை கொடுத்திருந்த பெரிய கற்கள் ஏழெட்டு இருந்தன. ஒன்றைத் தூக்கித் தட்டினார். துளைக்குள்ளிருந்து இரண்டு புழுக்கள் விழுந்தன. இன்னொன்றைத் தட்டினார், அதிலும் விழுந்தது.

"எல்லாமே ரிஜெக்ட். அண்டாவிலே வெந்நீர் போடு" என்றார்.

"அதிலெல்லாம் உயிர் இருக்குன்னு கஸ்தூரி சொல்வாளே."

"புழுதான் இருக்கு."

அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தது நான்தான். ஒவ்வொரு கல்லாக அண்டாவில் இறக்கிக் கொதிக்கவிட்டார். வீடெல்லாம் மீன் அவிக்கிற வாடை. ஆறு மணி நேரம் மனிதர் உட்காரவில்லை. காளான் பவளக் கல்லை மட்டும் வாளியில் தொட்டித் தண்ணீரிலேயே வைத்து, அடிப்பக்கத்தை உளியால் பக்குவமாகத் தட்டித் தட்டி, இருந்த புழுக்களையெல்லாம் இடுக்கியால் பிடுங்கினார். சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார். கற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. எனக்குக்கூட சுத்தமாகத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியது. வெந்த கற்களுக்குள் செத்தது எல்லாம் உள்ளுக்குள்ளேயே அழுக ஆரம்பித்துவிட்டது. மாற்றி ஊற்றக் கடல் தண்ணீர் இல்லை, வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமை காலை இவர் வேலைக்குப் போன பிறகு மீன் இரண்டும் மிதந்தன. பத்து மணிக்குப் பவளத்தைப் பார்த்தேன். பச்சை எல்லாம் கூழாகக் கரைந்து கல்லிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அழுதுகொண்டே ஒரு இன்லேண்ட் எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். புழு, பொறி, வெந்நீர், துருப் புள்ளி, ஒன்று விடவில்லை. "உன் கல்லை உன் அப்பா அவித்தே கொன்றுவிட்டார். யார் சொல்லியும் கேட்கவில்லை" என்று எழுதினேன். குடையைக்கூட எடுக்காமல் போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மனசு ஆறினது போல இருந்தது.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக் கழற்றாமலே தொட்டி முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கஸ்தூரிக்கு இதை எழுதாதே" என்றார்.

ஒன்றரை வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் இப்போதுதான் கேட்கிறேன்.

"அவ வரட்டும். வந்து பார்த்துட்டு என்னைத் திட்டட்டும். வாசல்ல நின்னாவது திட்டட்டும். வந்தாப் போதும், புஷ்பா."

பாவி மனிதர், இத்தனை நாளும் இதற்குத்தான் புழுவோடு மல்லுக்கட்டினாரா? அதே காரணம், அதே ஆசை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக மறைத்து வைத்திருந்தோம்.

"மத்தியானமே போட்டுட்டேங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையிலேயே தபால் ஆபீசுக்குப் போனார். நாலு மணிக்கே தபால் பை போய்விட்டதாம். நனைந்துபோய்த் திரும்பி வந்தார். துண்டைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

எட்டாம் நாள் பதில் வந்தது.

"அம்மா, அந்த ரோஜா நிறப் புழு ஒன்றும் செய்யாது. அழுகினதைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பதே அதுதான். நீ துரு என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் கெட்ட புழு. கடுகளவில் தட்டையாக இருக்கும். பவளத்தின் மேல் அப்பிக்கொண்டு வெளிச்சம் படாமல் செய்துவிடும். மெல்லிய ரப்பர் குழாயால் தினம் கொஞ்சம் உறிஞ்சி எடுத்திருந்தால் போயிருக்கும். முன்பே ஒரு கார்டு போட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பரவாயில்லை. அப்பா விரலில் இன்னும் முள் இருந்தால் வினிகரில் வைக்கச் சொல். பொங்கல் கழித்து வர எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டோம். என் சாமான் இருந்தால் எடுத்துப் போக வரலாம் என்றுதான் அப்பா சொல்லியிருக்கிறார். இப்போது என் சாமான் ஒன்றும் அங்கே இல்லையே."

நான் படித்து முடித்ததும் கையை நீட்டினார். கொடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கா. நான் அப்படித்தான் சொன்னேன்."

"இப்ப மாத்திச் சொல்லுங்க. சும்மா வாம்மான்னு நாலு வரி எழுதுங்க, நான் போட்டுட்டு வரேன்."

பேனாவை எடுத்து வந்து கொடுத்தேன். இன்னும் வீக்கம் வடியாத விரல்களில் அதைப் பிடித்துக்கொண்டு காகிதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையில் சங்கு ஊதி, இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் சைக்கிளில் போகிற சத்தம் அடங்கும்வரை அப்படியே இருந்தார்.

"ரிஜெக்ட்னு குறி போட்டதை எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியலை, புஷ்பா" என்றார். "எப்படி எழுதணும், நீ சொல்லு."

கல்யாணமான நாள் முதல் அவர் என்னிடம் வழி கேட்டது அன்றைக்குத்தான். சும்மா வாம்மா என்பதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. காகிதம் வெறுமையாகவே கிடந்தது. பொங்கல் வந்தது, போயிற்று. எங்கள் வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை.